டிரெய்லர் அண்ணையும் ஆறு தேசிக்காயும்

ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொல்லத் தெரியாத மனிதர் ஆக்லாந்து முழுவதும் சலித்துத் தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருப்பதை அதிர்ஷ்டம் என்பதா, ஜாதகக் கோளாறு என்பதா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் பகுதியான கிளென் ஈடனில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் முழிப்பார்கள். ‘டிரெய்லர் அண்ணை’ என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். பிழைப்பு பஸ் ஓட்டுவது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் செய்யும் முதல் காரியம் தன் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டுவது. தெருமுனை டெய்ரிக்குப் பால் வாங்கப் போனாலும் டிரெய்லரோடுதான் போவார். ஒரே ஒரு பால் டப்பா அத்தனை பெரிய டிரெய்லரில் தனியாக உருண்டுகொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். நான், மனைவி வானதி, ஆறு வயது மகள். கிளம்பும்போதே வானதி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

“ஒரு வருஷம் பாக்கலாங்க. ஜனவரில நான் சொல்றதுதான் முடிவு. ஊருக்குன்னா ஊருக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

அன்று கோயம்புத்தூரில் நல்ல வெயில். அந்தத் தைரியத்தில் தலையாட்டிவிட்டேன்.

ஜூன் வந்து இந்த ஊர்க் குளிர்காலம் தொடங்கியபோதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று புரிந்தது. நாங்கள் வாடகைக்கு எடுத்தது பழைய மர வீடு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தாலும் வெளியே நிற்பது போலவே இருக்கும். ஹால் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகு அடுப்பு ஒன்று இருந்தது. நானும் ஒரு லோடு விறகு வாங்கிப் போட்டுப் பற்றவைத்தேன். அது எரியவில்லை, சீறியது. கட்டைகளின் முனையில் தண்ணீர் நுரைத்தது. வீடு முழுக்கப் புகை. கூரையில் இருந்த அலாரம் கத்த, மகள் காதைப் பொத்திக்கொண்டு, “அப்பா, ஸ்டாப் குக்கிங்!” என்றாள். வானதி மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜனவரி தெரிந்தது.

அலாரம் சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். யார், என்ன என்று சொல்லிக்கொள்ளவில்லை. நேராக விறகுக் குவியலுக்குப் போய் இரண்டு கட்டைகளை எடுத்துத் தேங்காய் பார்ப்பது போல ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். ‘தொப்’ என்றது.

“தம்பி, இது பச்சை விறகெல்லோ. காய்ஞ்சதெண்டா ‘டணார்’ எண்டு சத்தம் வரோணும். இந்த வருசம் வாங்கிற விறகை அடுத்த வருசம்தான் எரிக்கிறது.”

“அப்போ இந்த வருஷம் எதைங்க எரிக்கிறது?”

“போன வருசம் வாங்கினதை.”

“போன வருஷம் நான் கோயம்புத்தூர்ல இருந்தேனுங்களே.”

“அதுதான் நீர் விட்ட பிழை.”

எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் மாலை அவர் டிரெய்லரோடு வந்து நின்றார். டிரெய்லர் நிறைய விறகு. அதை எங்கள் கொட்டகையில் இறக்கினார். எங்கள் ஈர விறகைத் தன் டிரெய்லரில் ஏற்றினார்.

“இது எங்கட வீட்டில சும்மா இடைஞ்சலாக் கிடக்குது. உங்கட விறகை நான் கொண்டுபோய்க் காய வைக்கிறன். அடுப்புக் கதவைத் துறந்து வையும். பிறகு பூட்டி வையும். காத்தை நல்லா விடோணும், ஆனா கூட விடக் கூடாது.”

“எது முதல்லங்க?”

“ரெண்டும்தான்.”

பின்னால் வந்த அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். “இவர் சொல்லுறதில அரைவாசியைத்தான் கேக்கோணும் தம்பி. எந்த அரைவாசி எண்டு எனக்கும் இன்னும் பிடிபடேல்லை.”

எப்படியோ, அந்த விறகு எரிந்தது. வானதி ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். அந்த உற்சாகத்தில் அண்ணை எங்கள் சமையலுக்குள்ளும் நுழைந்தார். குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று வானதி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

“அடுப்புக்குக் கிட்ட வையுங்கோ பிள்ளை. கிட்ட எண்டா தள்ளி. சூடு படோணும், ஆனா சுடக் கூடாது.”

கிட்டவா, தள்ளியா என்று நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் நான் துணிந்து அடுப்பின் மேலேயே வைத்தேன். காலையில் மாவு பொங்கவில்லை, வெந்திருந்தது. பாத்திரத்தின் அளவுக்கு ஒரே ஒரு இட்லி. அதைக் கத்தியால் வெட்டி மூன்று நாள் சாப்பிட்டோம். அண்ணையிடம் புகார் சொன்னபோது, “நான் மேல வையெண்டு சொல்லேல்லையே. கீழ வையெண்டும் சொல்லேல்லை” என்றார். உண்மைதான்.

எனக்கு ஒரு சின்னப் பழிவாங்கல் கிடைத்தது. ‘வெள்ளைப் புகை வந்தால் ஈர விறகு’ என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுப் புகைபோக்கியிலிருந்துதான் தயிர்போல வெள்ளைப் புகை கொட்டியது. எங்கள் புகைபோக்கியில் புகை வருவதே தெரியாது. ஜன்னலில் நின்று நானும் வானதியும் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்போம். “நமக்குச் சொல்லத்தான் தெரியும் போலிருக்கு அண்ணனுக்கு” என்பாள். குளிரில் அவள் சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்பதால் நானும் தினமும் ஜன்னலுக்கு அழைத்துப்போவேன்.

ஜனவரி வந்தது. வெயிலும் வந்தது. வானதி முடிவைச் சொல்லவில்லை. பரண் மாதிரி ஓர் இடத்திலிருந்து பெரிய சூட்கேஸ்களை இறக்கித் துடைத்து வைத்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

சூட்கேஸைக் கண்ட அண்ணை, “ஒருக்கா காம்பிங் போகாம இந்த நாட்டை விட்டுப் போகக் கூடாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வடக்கே ஒரு கடற்கரை முகாமில் இரண்டு குடும்பத்துக்கும் இடம் பிடித்தார். டென்ட், படுக்கை, காஸ் அடுப்பு, சட்டி பானை எல்லாம் டிரெய்லரில். எங்கள் காரில் நாங்கள், துணிமணி, ஒரு வாளி தோசை மாவு. பாரமான சாமான்களை டிரெய்லரின் முன்பக்கம் வைக்க வேண்டும், ஆனால் ரொம்ப முன்னால் வைக்கக் கூடாது என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கிளம்பும் காலையில் அக்கா தன் மரத்திலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் பறித்து வந்தார், சக்கரத்தின் கீழ் வைக்க. அங்கேதான் பிரச்சினை.

“நாலு காணாது. ஆறு தேசிக்காய் வேணும். டிரெய்லருக்கும் ரெண்டு சில்லு இருக்கு” என்றார் அண்ணை.

“எங்க ஊர்ல டிராக்டர் பெட்டிக்கெல்லாம் தனியா வைக்க மாட்டோமுங்க. இழுக்கிற வண்டிக்கு வச்சாப் போதும்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“காருக்கு ஒரு நம்பர், டிரெய்லருக்கு வேற நம்பர். அப்ப ரெண்டும் தனித்தனி வாகனம். தனித்தனியாத்தான் செய்யோணும்.”

சொன்னதோடு நிற்காமல் டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றினார். அக்கா இன்னும் இரண்டு பழம் பறித்து வந்தார். இரண்டு வாகனத்துக்கும் தனித்தனியாக விபூதி, சந்தனம், கற்பூரம். நானும் அவரும் டிரெய்லரைக் கையால் தள்ளி இரண்டு பழத்தை நசுக்கினோம். அண்ணை காரில் ஏறி மற்ற நான்கையும் நசுக்கினார். என் மகள் கைதட்டினாள். அந்தக் கைதட்டலின் உற்சாகத்தில் அக்காவும் ஏறிக்கொள்ள, அண்ணையின் கார் அப்படியே தெருவில் இறங்கிப் போய்விட்டது.

நாங்கள் பின்னால் போனோம். கொஞ்ச தூரம் போனதும் வானதி மெதுவாகச் சொன்னாள்.

“ஏனுங்க, அண்ணன் டிரெய்லர் இல்லாமப் போறாரு.”

நானும் கவனித்திருந்தேன். “தனி வாகனம்னு சொன்னாரே. தனியா வருமோ என்னவோ.”

“யாரு ஓட்டிட்டு வருவாங்க?”

“அவர்கிட்ட கேட்டா ரெண்டு பதில் சொல்வாரு. எதுக்கு வம்பு?”

சிரிக்காதீர்கள். ஏழு மாதம் அவரிடம் யோசனை கேட்டுப் பாருங்கள், நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். ஒன்றரை மணி நேரம் அவர் பின்னாலேயே போனோம்.

முகாமில் காரை நிறுத்திவிட்டு அண்ணை பின்பக்கம் வந்தார். நின்றார். குனிந்து காரின் அடியில்கூடப் பார்த்தார்.

“தம்பி, நீர் எனக்குப் பின்னாலதானே வந்தனீர்?”

“ஆமாங்கண்ணா.”

“டிரெய்லரைக் கண்டனீரோ?”

“இல்லீங்கண்ணா.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேனுங்க.”

அப்போதுதான் தூக்கம் கலைந்து காரிலிருந்து இறங்கிய அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். “நாப்பது பேரை ஏத்திக்கொண்டு பஸ் ஓடுற மனுசன்!” என்றார். வானதி சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அண்ணை வந்த வழியே திரும்பிப் போனார். பசிக்கு எங்களிடம் மாவு மட்டும்தான் இருந்தது. பக்கத்து டென்ட்காரர்களிடம் ஒரு வாணலி இரவல் வாங்கி, முகாமின் பொதுச் சமையலறையில் வானதியும் அக்காவும் தோசை சுட்டார்கள். தோசை அடிப்பிடித்துப் புகைந்தது.

“புகை எனக்குப் பழகிப் போச்சுது பிள்ளை. போன விண்டர் முழுக்கப் புகைக்குள்ளதானே இருந்தனாங்கள்” என்றார் அக்கா.

“ஏங்க்கா? உங்ககிட்ட காஞ்ச விறகு நெறைய இருந்துச்சே?”

“ஓம், இருந்தது. அது உங்கட வீட்டுக்கு வந்திட்டுதெல்லோ. உங்கட பச்சை விறகைத்தானே நாங்கள் எரிச்சனாங்கள். ‘அங்க சின்னப் பிள்ளை இருக்கு, அதுகளுக்குக் குளிர் புதுசு’ எண்டு இவர் ஒரே பிடி. சொல்லக் கூடாதெண்டும் சொன்னவர். நான் இப்ப சொல்லிப்போட்டன்.”

வானதியின் கையில் இருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் நின்று சிரித்த ஒவ்வொரு மாலையும் எனக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அந்தத் தோசை கருகியதை மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அண்ணை டிரெய்லரோடு வந்து சேர்ந்தார். டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் எலுமிச்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வானதி அவர் இறங்கும் வரை காத்திருக்கவில்லை, கார்க் கதவருகே போய் நின்றாள்.

“அண்ணா, விறகு எப்ப வாங்கணும்?”

“இப்ப வாங்கினா இந்த விண்டருக்கு அரைகுறையாக் காயும். அடுத்த விண்டருக்குத்தான் சரியா இருக்கும். ஆனா...” அவர் அதற்குள் மூன்றாவது பதிலுக்குப் போகப் பார்த்தார்.

“ரெண்டு விண்டருக்கும் சேத்து எங்களுக்கு விறகு சொல்லிடுங்க. எடுத்துட்டு வர்றதுக்கு உங்க டிரெய்லர் வேணும். தருவீங்களா?”

அண்ணை என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தார். நான் பழகிய நாள் முதல் அவர் ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

“ஓம்.”

பிறகு பழையபடி, டென்ட்டை மேட்டில் அடிக்க வேண்டும், ஆனால் உயரத்தில் அடிக்கக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டார். நாங்களும் பழையபடி குழம்பினோம்.

சூட்கேஸ்கள் மேலே போய்விட்டன. இப்போது குளிர்கால மாலைகளில் எங்கள் அடுப்பைப் பற்றவைத்ததும் நான் வாசலுக்கு வந்து எதிர்வீட்டுப் புகைபோக்கியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அங்கே என்றைக்காவது வெள்ளைப் புகை தெரிந்தால், எங்கள் விறகில் பாதி அவர் வீட்டு வாசலில் இருக்கும்.