தனி ஆவர்த்தனத்தில் காலியான சபா

மயிலாப்பூர்,
24-12-1978

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, ஸ்ரீனிவாசராகவன் அநேக நமஸ்காரம். இங்கு அனைவரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் பெண் ஜானு வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. இனிமேல் மேடை ஏறமாட்டேன், டில்லிக்கே, உங்களிடமே திரும்பிப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய முதல் கச்சேரி நடந்த லட்சணத்தை நானே எழுதிவிடுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சபா காரியதரிசி என்ற முறையில் வெள்ளிக்கிழமை மாலையைக் குறித்தவன் நான்தான். அன்றைக்கு டி.வி.யில் சினிமாப் பாட்டு போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நல்ல சங்கீதம் கேட்ட காது அந்தப் பக்கம் திரும்பாது என்று போன வருஷம் எங்கள் சபா மலரில் கட்டுரையே எழுதினேன், நீங்கள்கூட பேஷ் என்று கார்டு போட்டீர்கள். ஜானு சமையலறையில் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்ததற்காக ஒரு நாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவனும் நான்தான்.

கூட்டத்துக்குக் குறைவில்லை, சுவரோரம் எல்லாம் நின்றார்கள், ஜானு காம்போதியை எடுத்ததும் முன்வரிசை மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எனக்கு நெஞ்சு விம்மியது, அப்புறம் தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வருவது நம்மவர்களின் பழக்கம்தானே, போனார்கள். மிருதங்கம் ஓய்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை. ஜானு மறுபடி பாட வாயெடுத்தவள் காலி நாற்காலிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெளியே ஓடினேன். வாசலில் சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளும் கபாலி, "அல்லாரும் காண்டீன்ல கீறாங்க சார். டிவி பொட்டி வந்துகீதுல்ல!" என்றான். காண்டீன் எடுத்திருக்கும் கனகராஜைப் பிடித்து உலுக்கினால், "நீங்கதானே சார், கூட்டம் வர்ற மாதிரி ஏதாவது பண்ணுய்யான்னு சொன்னீங்க? நாலு போண்டா கூடப் போகுமேன்னு வாடகைக்குக் கொண்டாந்தேன்" என்கிறார். உள்ளே எங்கள் மலர்க் கமிட்டி முழுவதும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! அவர்களை இழுத்து வரத்தான் நுழைந்தேன். கூட்டம் என்னை முன்னாலும் விடவில்லை, பின்னாலும் விடவில்லை. வெளியே வருவதற்குள் மங்களம் முடிந்துவிட்டது. இதில் என் தப்பு எள்ளளவும் கிடையாது. மாமா மேல் குற்றமில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் குழந்தை சமாதானமாகிவிடுவாள்.

அக்கா பங்கஜத்துக்கு நமஸ்காரம். சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். பெருமாள் எல்லோருக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும், எனக்கு முதலில்.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசராகவன்

பி.கு.: என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டு, "பொய்க்கு ஸ்டாம்ப் ஒட்டாதீங்கோ" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஆகவே நடந்தது இது: கூட்டம் என்னை மறிக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் நகர்ந்து டி.வி.க்கு நேர் முன்னால் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். ஒரு பாட்டு முடியட்டும், எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு அதைவிட நன்றாக இருந்தது. மங்களம் பாடிவிட்டு ஜானு என்னைத் தேடி வந்து எதிரே நின்றாள். "மாமா" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே, "சித்த நகர்ந்துக்கோம்மா, மறைக்கிறது" என்றேன்.