பதிவாளர் வெறும் பதியான கதை

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்றே மேஜர் குணாளன் ஒரு பெரிய சபதம் எடுத்தார்.

"யோகேஸ், பாதி ஆயுசை ஆகாயப் படைக்குக் கொடுத்தேன். மீதியை யூனிவர்சிட்டிக்காரன் எடுத்துக்கிட்டான். இனிமே எந்த வேலைக்கும் போக மாட்டேன். உன் பக்கத்துலேயே இருப்பேன். முருகன் மேல சத்தியம்!"

அவர் மனைவி யோகேஸ்வரியின் கையிலிருந்த கரண்டி நழுவி சாம்பாரில் விழுந்தது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று மேஜர் நினைத்துக்கொண்டார்.

குணாளன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹெலிகாப்டர் ஓட்டியவர். காட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டித் தூக்கியவர். படையை விட்டு வந்ததும் ஈப்போ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பதிவாளர் ஆனார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாலே மாணவர் கூட்டம் கலைந்துவிடும். வாரம் முழுக்க ஈப்போவில் இருப்பார். சனி ஞாயிறு மட்டும் மலைமேல் ரிங்லெட் ஊரில் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளி.

இப்போது நிரந்தரமாக வந்துவிட்டார். பதிவாளரில் 'வாளர்' கழன்று, பதி மட்டும் மிஞ்சியது.

யோகேஸ்வரி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டகை போட்டு, செவ்வந்தி வளர்த்து, லோரியில் ஈப்போவுக்கு அனுப்புகிறவள். யாரையும் கேட்காமல் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது அந்த வியாபாரம்.

மறுநாள் காலை, பூ வெட்ட வந்த மணியம்மாவையும் தங்கம்மாவையும் மேஜர் வரிசையில் நிற்க வைத்தார்.

"வானிலை அறிக்கை! பனிமூட்டம். எதிரே எதுவும் தெரியல. பூ வெட்டுறது ஒத்திவைக்கப்படுது."

"ஐயா, இங்க தினமும் பனிதான். பூ என்ன பறக்கவா போவுது? வெட்டத்தானே போறோம்?" என்றாள் மணியம்மா.

"பாதுகாப்பு முக்கியம்லா!"

அன்று லோரி பாதிப் பூவோடு போனது. அடுத்து சமையலறை. சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார். உறுப்பினர்கள்: அவரும் பூனையும். ஹெலிகாப்டரில் பறந்த மனிதர், வீட்டில் எல்லோரையும் பறக்கடித்தார்.

யோகேஸ்வரி முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சில வாரம் போயிருக்கும். மேஜருக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் புதிதாக ஒரு பல்கலைக்கழகக் கிளை திறக்கிறார்களாம். அதன் தலைவர் குகனேஸ்வரன் பேசினார். "மேஜர், நிர்வாகி வேணும். உங்களை விட்டா ஆளே இல்ல."

குணாளனின் நெஞ்சுக்குள் விசிறி சுழல ஆரம்பித்தது. ஆனால் சத்தியம் குறுக்கே நின்றதே! மனைவி வாயாலேயே 'போங்க' என்று சொல்ல வைக்க வேண்டும். திட்டம் போட்டார்.

"யோகேஸ், தானா ராத்தாவுல வேலைக்குக் கூப்பிடறாங்க. முடியாதுன்னு சொல்லிடப் போறேன்." இட்லியைப் பிட்டபடி ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சொல்லிடுங்க. நீங்க இல்லாட்டி வீடு வெறிச்சுனு இருக்கும்."

இட்லி தொண்டையில் நின்றது. "நல்ல எடம்னு பேசிக்கறாங்க..."

"இருக்கட்டும்லா. சத்தியம் பண்ணிட்டீங்க. சாமி குத்தம் ஆயிடும்."

சரி, தொல்லை கொடுப்போம், அவளே துரத்தட்டும் என்று அடுத்த திட்டத்துக்குத் தாவினார். விடியும்போதே விசில் ஊதினார். மிளகு, சீரகம், சோம்பு டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். யோகேஸ்வரியின் பழைய லேண்ட் ரோவரைப் பிடுங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, நடை வேகத்தில் அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். பின்னால் வந்த லோரிக்காரர்கள் எல்லாம் அவர் பரம்பரையையே விசாரித்தார்கள்.

யோகேஸ்வரி அவர் தோளைத் தட்டினாள். "எவ்வளவு பொறுப்பு! சாகற வரைக்கும் இப்படியே என்கூட இருங்க."

மேஜருக்கு வேர்த்தது. காட்டுக்கு மேல் என்ஜின் நின்றபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. அன்று சாயங்காலமே சரணடைந்தார்.

"யோகேஸ், தாயே, என்னை வேலைக்கு விட்டுரு."

"அய்யய்யோ, முருகன் மேல சத்தியமாச்சே?"

"என்ன பரிகாரம் வேணும்னாலும் பண்றேன்!"

அவள் நெடுநேரம் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தாள். "பூக்கொட்டகைப் பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது. அடுப்படியில கூட்டம் போடக்கூடாது. லேண்ட் ரோவர் சாவி என்கிட்ட இருக்கும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும்."

"அவ்வளவுதானா?"

"என்ன செய்ய, மனசைக் கல்லாக்கிக்கறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேஜர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு ஒரு சல்யூட் அடித்தார். பெண்டாட்டியைப் பேசியே மடக்கிய முதல் விமானி! துண்டைச் சுழற்றி இரண்டு குத்தாட்டமும் போட்டார்.

முதல் நாள் யோகேஸ்வரியே வண்டி ஓட்டிக்கொண்டு போய் அவரைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டாள். டையைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உள்ளே போனார். குகனேஸ்வரனின் மேசையில் ஒரு கூடை மஞ்சள் செவ்வந்தி இருந்தது.

"இவ்வளவு பெரிய நாட்டுல என்னை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார் மேஜர்.

"நாங்க எங்க கண்டுபிடிச்சோம்? நீங்க சத்தியம் பண்ண மறுநாளே உங்க வீட்டம்மா இங்க வந்து உக்காந்துட்டாங்க. 'சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல சார், லீவு மட்டும் கொடுத்துடாதீங்க'ன்னாங்க."