பர்லாங்கு கல்லில் எழுதியவன்

"ரோட்டுக் கல்லுல இங்கிலீஷ் எழுதினவன் எவன்டா?"

ஏட்டு தேவசகாயம் கடலை மண்டி வாசலில் நின்று கேட்டதும் மூட்டைக்குக் குறி போடுகிற கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டான். கையில் மைத் தூரிகை. எதிரே மூட்டை. ஒளிய இடமில்லை.

எழுதினவன் அவன்தான். சர்வீஸ் கமிஷன் குமாஸ்தா பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. உட்கார்ந்து படித்தால் அவனுக்குத் தூக்கம் வரும். நடந்தால்தான் மண்டையில் ஏறும். சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் மண்டிக்குத் தினம் ஐந்து மைல் நடை. மைலுக்கு எட்டு பர்லாங்கு, பர்லாங்குக்கு ஒன்றாக வழியில் நாற்பது கல். கல்லுக்கு ஒரு வார்த்தை என்று மூட்டைக்குக் குத்துகிற மையாலேயே எழுதிவைத்தான். போகும்போது பார்த்துச் சொல்லுவான், வரும்போது பார்க்காமல் சொல்லுவான். படித்தவன் புத்தி இப்படித்தான் போகும்.

காலம் சரியில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். எங்கோ தந்திக் கம்பியை அறுத்தார்கள், எங்கோ தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று போலீஸ்காரன் நிழலைக் கண்டாலும் லத்தியை ஓங்கினான். இவனோ ஏபிசிடி வரிசைப்படி எழுதிக்கொண்டே போனதில், ஓடைப் பாலத்தை ஒட்டிய கல்லில் 'டெமாலிஷ்' வந்து உட்கார்ந்துவிட்டது. இடித்துத் தள்ளு என்று அர்த்தம். வேறு வினை வேண்டுமா?

ஏட்டு சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"பதினேழு கல்லு வரைக்கும் எழுதி எடுத்திருக்கேன். எழுதினவனுக்குத்தான் இதோட அர்த்தமெல்லாம் தெரியும். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், விடவே மாட்டேன்."

கொளஞ்சி வயிற்றுவலி என்று மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு ஊருக்கு ஓடினான்.

"ஜெயில்ல போட்டுருவாங்களா மாமா?" என்றாள் பெண்டாட்டி மலர்க்கொடி.

"ஜெயிலு கிடக்கட்டும்டி. போலீஸ் நோட்டுல பேரு ஏறிட்டா சர்க்கார் வேலை அவ்வளவுதான். ரெண்டு வருஷம் படிச்சது மண்ணாப் போச்சு."

"அப்ப அழிச்சுடுவோம்."

"மண்டி மை. தேய்ச்சாப் போவாது."

"வூட்டுல சுண்ணாம்பு இருக்கு."

ஆள் நடமாட்டமில்லாத உச்சி வெயிலில் இருவரும் கல் கல்லாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போனார்கள். லாரிச் சத்தம் கேட்டால் வாளியோடு பள்ளத்தில் படுத்தார்கள். பயத்தில் அடித்த அடியில் வார்த்தையோடு மைல் நம்பரும் போய்விட்டது. நாற்பது கல்லும் பல் தேய்த்த மாதிரி நின்றன.

மறுநாள் ஏட்டு மண்டிக்கு வந்தபோது அவருக்குக் கண் சிவந்திருந்தது.

"பதினெட்டுலேருந்து நாப்பது வரைக்கும் போச்சேடா! பாவி அழிச்சுட்டானே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். "எழுதினது ஒரு குத்தம். சர்க்கார் கல்லை அழிச்சது ரெண்டாவது குத்தம்."

நேற்றுவரை ஒரு குற்றம். தான் பாடுபட்டு இரண்டாக்கியிருக்கிறோம் என்று கொளஞ்சிக்குத் தெரிந்தது.

"நீ தினம் அந்த ரோட்டுலதானே வர்றே? உனக்கு இங்கிலீஷ் வருமா?"

"ஏ கூடத் தெரியாதுங்க ஏட்டய்யா."

"பின்ன மூட்டையில என்னடா குத்துறே?"

"அது தகரத்துல வெட்டி வெச்ச அச்சுங்க. மேல மையைத் தேய்ப்பேன். எனக்கு எல்லாம் படம் மாதிரிங்க."

"ஏன்டா நெளியறே?"

"வயித்துவலிங்க."

"நேத்தும் வயித்துவலின்னு மண்டிக்காரர் சொன்னாரு, இன்னிக்கும் வயித்துவலியா?" ஏட்டு கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். "உங்க ஊரு காளி கோயில் வெள்ளிக்கிழமை திறக்கும்ல? அங்க வந்து சத்தியம் பண்ணு. அப்புறம் உன் பக்கம் திரும்ப மாட்டேன்."

சிறுவாச்சூர்க்காரன் போலீஸுக்குப் பயப்படுவான். அதற்கு மேல் அந்தக் கோயில் வாசலுக்குப் பயப்படுவான். அங்கே பொய்ச் சத்தியம் பண்ணினவன் கதை ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. கொளஞ்சி வியாழக்கிழமை புத்தகத்தையும் பரீட்சைக்கு வந்த அனுமதிச் சீட்டையும் அடுப்பில் வைத்தான். கையில் இங்கிலீஷ் இல்லாவிட்டால் சத்தியம் பொய்யாகாது என்று ஒரு கணக்கு.

"புத்தகத்தை எரிச்சுட்டே. படிச்சதை எப்படி மாமா எரிப்பே?" என்றாள் மலர்க்கொடி.

அவன் அடுப்பை ஊதினான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். ஏட்டு கிறிஸ்துவ வேதக்காரர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். கூட வந்த கான்ஸ்டபிள் சாமிக்கண்ணுதான் கற்பூரத்தை ஏற்றிக் கொடுத்தார்.

கொளஞ்சி கண்ணை இறுக மூடினான். "எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. இனிமே ஒரு எழுத்து எழுதினாலும் இந்தக் கை விளங்காமப் போவட்டும்" என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தான். கை சுட்டது. இரண்டு வருஷப் படிப்பு அந்தப் புகையோடு போயிற்று. போனால் போகட்டும், முதுகுத் தோல் மிஞ்சியதே.

வெளியே வந்து பார்த்தான். ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. வேப்பமரத்தடியில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் எம்மேல சந்தேகமாங்க?" என்று சாமிக்கண்ணுவிடம் கேட்டான் கொளஞ்சி.

சாமிக்கண்ணு பெருமூச்சு விட்டார்.

"சந்தேகமாவது, மண்ணாவது! அவருக்கு அடுத்த மாசம் சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சை, இங்கிலீஷ்ல ஒண்ணும் வரலை, வெளியில சொல்ல வெக்கம். அந்தக் கல்லுங்களைப் பார்த்துத்தான் ரகசியமாப் படிச்சுக்கிட்டிருந்தாரு, எழுதின புண்ணியவானைப் பிடிச்சு வாத்தியாரா வெச்சுக்கலாம்னுதானப்பா நாங்க ஊரெல்லாம் தேடினோம்!"