நாய்க்குளியலுக்கு மூன்று மடங்கு

வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள்தான் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறார்கள். டெல்பர்ட் ஃபேஹி அப்படித்தான் அல்மெண்ட்ரோ நகர மன்ற உறுப்பினரானார். மன்றத்தில் ஓர் அருமையான விதி உண்டு. பொதுமக்களில் யார் பேசினாலும் மூன்று நிமிடம்தான். பிறகு சிவப்பு விளக்கு எரியும். வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த விளக்கை முதன்முதலாகப் பார்த்தபோது டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அப்படி ஒன்றை மாட்ட வழியில்லையே.

வீட்டில் மனைவி நடீன் இருந்தாள். கராஜில் நடீனின் தொழில் இருந்தது: நாய் குளிப்பாட்டுவது. ஊர் நாய்களெல்லாம் அழுக்காக வந்து மணமாகத் திரும்பிப் போயின. முடி மட்டும் டெல்பர்ட்டிடம் தங்கிவிட்டது. காபியில் முடி. காலுறையில் முடி. ஒருமுறை பட்ஜெட் உரையின் நடுவே வாயிலிருந்து ஒரு முடியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. மன்றம் பொறுமையாகக் காத்திருந்தது.

அவருடைய ஆசை சின்னதுதான். காலியான கராஜில் ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிறு மதியம். யாரும் கூப்பிடக் கூடாது. நாற்காலியை வாங்கியே விட்டார். பக்கத்து வீட்டு ஆர்விட்டிடம் ஒளித்து வைத்திருந்தார். கராஜ்தான் பாக்கி.

"தொழிலை மூடு" என்று மனைவியிடம் சொல்லத் தைரியம் கிடையாது. மன்றத்தைக் கொண்டு சொல்லவைக்க முடிவு செய்தார். வீட்டிலேயே தொழில் நடத்துபவர்களுக்கு உரிமக் கட்டணம் இனி மூன்று மடங்கு. இதுதான் அவர் கொண்டுவந்த தீர்மானம். மற்ற நால்வரில் இருவர் சரி என்றார்கள், இருவர் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஓட்டு அவருடையது. அவர் மனைவிக்கே தொழில் இருந்தும் மன்ற வழக்கறிஞர் மிஸ் கிமுராவும் தடை சொல்லவில்லை. "ஊர்ல பாதி வீட்ல ஏதாவது தொழில் நடக்குது. எல்லாருக்கும் ஒரே கட்டணம்தானே? தாராளமா ஓட்டுப் போடுங்க சார்."

அன்று காலை நடீன் கேட்டாள்:

"இன்னிக்கு மீட்டிங்ல என்ன, டெல்பர்ட்?"

"பெருசா ஒண்ணுமில்ல. புது வீடு கட்டுறவங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம். சாக்கடை. அப்புறம் ஏதோ சில்லறை உரிமம்."

"சில்லறையா?"

"ரொம்ப சில்லறை."

"பாவம், களைச்சுப் போயிட்ட. டோஸ்ட்டைத் தின்னு. முடி இருந்தா எடுத்துப் போட்டுக்க."

மாலையில், பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, மேம்பாட்டுக் கட்டணம் நிறைவேறியது. அடுத்தது உரிமக் கட்டணம். மைக் முன்னால் நடீன் வந்து நின்றாள். டெல்பர்ட்டின் கண் தானாகவே சிவப்பு விளக்கைத் தேடியது.

"கனம் உறுப்பினர்களே, இந்தக் கட்டணத்தை நான் மனசார ஆதரிக்கிறேன்."

டெல்பர்ட் தன் காதையே நம்பவில்லை.

"என் வீட்டுக்காரர் ரொம்பக் களைச்சுப் போயிருக்கார். இது நிறைவேறினா நான் தொழிலை மூடணும். கராஜ் அவருக்குக் கிடைச்சுடும். அதுக்குன்னே சாய்வு நாற்காலி வாங்கி ஆர்விட் வீட்ல ஒளிச்சு வச்சார். கோப்பை வைக்கக் கைப்பிடியில குழியெல்லாம் இருக்காம். நாயைக் குளிப்பாட்டக் கொண்டுவந்தப்ப ஆர்விட்டே சொன்னார். இந்த நல்ல மனுஷனுக்காக எல்லாரும் மனசு வைங்க. நன்றி."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விளக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மிஸ் கிமுரா பக்கத்தில் குனிந்தார். "சார், நாற்காலி நிஜமா?"

"அது... தள்ளுபடியில வந்துச்சு."

"அப்ப இதுல உங்களுக்குத் தனி லாபம் இருக்கு. ஓட்டுப் போடக் கூடாது. எழுந்து வெளிய போயிடுங்க."

கதவருகே நடீன் ஒரு தோல் வாரை அவர் கையில் திணித்தாள். மறுமுனையில் ஆர்விட்டின் கன்றுக்குட்டி அளவு நாய், ஹம்ஃப்ரி. "வெளியதானே போற? இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்க. இப்பதான் குளிப்பாட்டினேன்."

உள்ளே இரண்டுக்கு இரண்டு. சமமாகிவிட்டால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. கைதட்டல் கேட்டதும் ஹம்ஃப்ரி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. டெல்பர்ட்டின் ஒரே கோட்டும் நனைந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஈனஸ்வரத்தில் கேட்டார்:

"அந்த நாற்காலியை என்ன பண்றது, நடீன்?"

"நேத்தே ஆர்விட்கிட்டருந்து வாங்கிட்டு வந்துட்டேன். கராஜ்லதான் போட்டிருக்கேன்."

டெல்பர்ட்டுக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் கட்டினவள் அல்லவா! வேகமாகப் போய்க் கராஜைத் திறந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு ஹம்ஃப்ரி ஓடியது, நாற்காலியில் ஏறியது, பழகிய இடம்போல் சாய்ந்து கண்ணை மூடியது.

"அதை இறங்கச் சொல்லேன், நடீன்."

"எப்படிச் சொல்றது? அவன் கட்டணம் கட்டியிருக்கான்."