யாராவது கத்துங்களேன்

துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடி வெற்றிச்செல்வி காத்திருந்தாள். யாராவது கத்தினால் தேவலை. ஒரு குழந்தை வீறிட்டு அழுதாலும் போதும். யாரும் கத்தவில்லை. எந்தக் குழந்தையும் அழவில்லை.

கொல்லைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையின் கறுப்பு வட்டத்தைப் பார்த்துச் சுட்டாள். நட்டநடுவில் பட்டது. மறுபடி சுட்டாள். மறுபடியும் நடுவிலேதான்.

"சே!" என்றாள்.

நடுவில் பட்டதற்கு யாராவது சலித்துக்கொள்வார்களா என்று கேட்கக்கூடாது. அவள் கஷ்டம் அவளுக்கு. ஏர் பிஸ்டல் போட்டியில் முதல் சுற்று அமைதியாக நடக்கும். அதில் இவள்தான் எல்லாருக்கும் முன்னால் நிற்பாள். பிறகு எட்டுப் பேரை எடுத்து ஃபைனல் வைப்பார்கள். அங்கே பாட்டுப் போடுவார்கள், மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசுவார், மற்ற பெண்களின் சொந்தபந்தமெல்லாம் ஒவ்வொரு குண்டுக்கும் கைதட்டி ஆர்ப்பாட்டம் பண்ணும். அவ்வளவுதான், இவள் கை உதற ஆரம்பித்துவிடும். கடைசியாகப் போன இரண்டு போட்டியிலும் எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாள். பெயர் மட்டும் வெற்றிச்செல்வி!

திருச்சி கிளப்பின் கோச் இளையபெருமாள் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஊர்ல நீ எங்க பிராக்டிஸ் பண்ற?"

"வூட்டுக் கொல்லையில சார்."

"சத்தம் இருக்குமா?"

"ஈ பறந்தாக்கூட கேக்கும் சார்."

"அதான் வெனை! சத்தத்துல நின்னு பழகு. பாட்டுப் போட்டுக்கிட்டா பத்தாது. மனுசங்க சத்தம் வேணும், திடீர் திடீர்னு வரணும். இந்தத் தடவையும் எட்டாவதா வந்தீன்னா கிளப் துப்பாக்கிய வேற பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

சொந்தமாகத் துப்பாக்கி வாங்குகிற நிலைமையில் அவள் வீடு இல்லை. இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பெரம்பலூர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிற வேலை தயாராகக் காத்திருக்கிறது. அப்புறம் ஆயுசுக்கும் மடிக்க வேண்டியதுதான்.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்திலிருக்கிற அவள் ஊரில் மனுசங்க சத்தத்துக்கா பஞ்சம் என்பீர்கள். அங்கேதான் கோளாறே. ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ஃபைனல் வைக்காத ஒரு மாநிலப் போட்டியில் வெண்கலம் வாங்கி வந்தபோது, மாரியம்மன் கோயிலுக்கு எதிரே மேடை போட்டு, வெடி வெடித்து, மாலையால் அவள் முகத்தையே மூடிவிட்டார்கள். மைக்கையும் கையில் திணித்தார்கள். விசிலும் கூச்சலும் காதை அடைத்தன. ஏதோ ஒரு வரி சொன்னாள். மீதி மறந்துபோய்விட்டது. குடுகுடுவென்று இறங்கி ஓடி வந்துவிட்டாள். கீழே ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. அந்த வெட்கம் அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

அதற்கு மறுநாள்தான் அந்த விபத்து. ஒரு குண்டு சுவர் விளிம்பைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளின் பிளாஸ்டிக் குடத்தில் ஓட்டை போட்டுவிட்டது. கொளஞ்சியம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் கோழி அடுத்த வீட்டில் முட்டையிட்டாலே தெருவைக் கூட்டி நியாயம் கேட்கிறவள். வேகமாக வந்தாள். ஒழுகுகிற குடத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வெற்றிச்செல்வியின் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். புதுக் குடம் வாங்கிக் கொண்டுபோய் வைத்தபோதும் தலையை ஆட்டியதோடு சரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வெற்றிச்செல்விக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் அமைதிதான். டீக்கடையில் காரசாரமாக நடக்கிற அரசியல், இவள் தலை தெரிந்ததும் நின்றுவிடும். குழாயடியில் குடத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள். ஏரிக்கரையில் கபடி ஆடுகிறவர்கள், இவள் தாண்டிப் போகிறவரைக்கும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு ஆடினார்கள். சத்தம் வராத கபடியை உலகத்தில் எங்கேயாவது பார்த்ததுண்டா?

அம்மா அம்சவள்ளியிடம் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, யாருமே நம்ம வூட்டுப் பக்கம் வரமாட்டேங்குறாங்க?"

"நீ இருக்கையில எப்புடிடி வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அம்மா பருத்திக் காட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு வெற்றிச்செல்வி சாப்பிடவில்லை. பெற்ற தாயே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன! கபடி ஆடினால் கத்துவதற்கு ஊரே கூட வரும். இந்த விளையாட்டில் தனியாக நின்று, தனியாக மூச்சைப் பிடித்து, தனியாகச் சுட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறி வர வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து இறங்குகிற ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவது? பேச ஒரு நாதி இல்லையே என்று அட்டையில் இருந்த கறுப்பு வட்டத்திடமே அழுதாள்.

ஆனாலும் போட்டி நெருங்குகிறதே. மானத்தை விட்டு ஒரு வேலை செய்தாள். சின்ன வெங்காயத்தின் தாளை, அதாவது காய்ந்த தண்டை, அரிகிற பெண்கள் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கூடினால் அடுத்த ஊருக்கே கேட்கும். நேராக அவர்களிடம் போனாள். வழக்கம்போலப் பேச்சு நின்றது.

"அக்கா, எங்க வாசல்ல நல்லா நெழலா இருக்கு. அங்க வந்து அரியுங்களேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒனக்கு எடைஞ்சலா இருக்காதா?" என்று உண்ணாமலை குசுகுசுத்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, வாங்க."

வந்துவிட்டார்கள்! மூட்டை மூட்டையாக வெங்காயத்தை வாசலில் கொட்டி வட்டமாக உட்கார்ந்தார்கள். வெற்றிச்செல்வி கொல்லைக்கு ஓடித் துப்பாக்கியைத் தூக்கினாள். இதோ இப்போது சிரிப்பார்கள், இதோ யாராவது யாரையாவது வம்புக்கு இழுப்பார்கள் என்று காத்திருந்தாள். அரிவாள்மனைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தாள். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல், வெங்காயத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, தலையைக் குனிந்து அரிந்துகொண்டிருந்தார்கள்.

"பேசிக்கிட்டே அரியுங்கக்கா, பரவால்ல."

உண்ணாமலை உதட்டில் விரலை வைத்தாள். "நாங்க பாத்துக்குறோம். நீ ஒன் வேலயப் பாரு."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெற்றிச்செல்வி உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்தா அரும்பாவூர் முத்துசாமி வண்டியில் வர வேண்டும்? அவள் அப்பா ராசாங்கத்துக்கு ஒன்றுவிட்ட மச்சான் அவர். ராசாங்கம் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் கண்ணீர் விடுவதைப் பார்த்ததும் வண்டியைக் கீழே போட்டார்.

"என்னாச்சு? மாமா எங்க?" என்றார்.

உண்ணாமலை மறுபடி உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று கையை அசைத்தாள். முத்துசாமிக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு தெருமுனைக்குப் போய், போனை எடுத்து, சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சேதி சொல்லிவிட்டார். பதற்றத்தில் யாருக்கு அடிக்கிறோம் என்று பார்க்கவில்லை. பெரம்பலூரில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டிருந்த ராசாங்கத்துக்கும் ஒரு போன் போயிற்று.

"மனசத் தேத்திக்குங்க. நம்ம ராசாங்கம் மாமா போயிட்டாரு."

"அடப்பாவமே, எப்ப?" என்றார் ராசாங்கம்.

விஷயம் உறைத்து அவர் பஸ் பிடித்து வருவதற்குள் வாசலில் மாலைகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒப்பாரி வைக்க வந்தவர்களையும் உண்ணாமலை வாயைப் பொத்தி உட்கார வைத்துவிட்டாள். தெரு நிறைய ஜனம். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ராசாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "யாருய்யா மாலை வாங்குனது?" என்று கேட்டதும் முத்துசாமி போட்டாரே ஒரு அலறல்!

மாதக்கணக்கில் அந்தத் தெருவில் கேட்ட முதல் சத்தம் அதுதான். கொல்லையில் வெற்றிச்செல்வியின் குண்டு அட்டையை விட்டே விலகிச் சுவரில் பாய்ந்தது. கோச் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி இந்த ஊர் ஆகாது என்று அரியலூருக்குக் கிளம்பினாள். சித்தி அம்பிகாவின் வீடு சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம் இருக்கிறது. சித்தப்பா ராஜராஜனும் லாரி டிரைவர்தான். சின்ன வயசில் அங்கே லீவுக்குப் போனபோது ஹாரன் சத்தத்தில் தூக்கமே வந்ததில்லை.

சித்தி வீட்டுப் பின்பக்கச் சுவரில் அட்டையை ஒட்டிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினாள். தூரத்தில் ஒரு லாரி தடதடத்து வந்தது. வீடு நெருங்கியதும் வேகம் குறைந்து, ஹாரன் அடிக்காமல், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போகிற வண்டி மாதிரி மெல்ல உருண்டு போயிற்று. பின்னால் வந்ததும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்ததும் அப்படியே. சித்தி வேறு, குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டாள்.

ஹாரன் அடிக்காத அரியலூர் லாரியா? லாரிமேல் தப்பு இருக்க முடியாது. தன் காதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து, சித்தியிடம்கூடச் சொல்லாமல் காது டாக்டரிடம் போனாள். டாக்டர் கீதாஞ்சலி மெஷினை மாட்டி எல்லாச் சோதனையும் செய்தார்.

"காது அருமையா இருக்கும்மா. எதனால சந்தேகம் வந்துச்சு?"

"நான் போற எடமெல்லாம் சத்தம் நின்னுடுது டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "வீட்ல, பக்கத்துல, மனசு விட்டுப் பேச யாராச்சும் இருக்காங்களா?"

அவ்வளவு நேரம் ஒழுங்காகப் பதில் சொன்னவள் அந்தக் கேள்விக்கு உடைந்துபோய் அழுதுவிட்டாள். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பினாள். போதும் என்றாகிவிட்டது. போட்டி மறுநாள் திருச்சியில். முதல் பஸ்ஸில் போய் கோச் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, ஃபைனலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். புடவைகளாவது தன்னைக் கண்டு மிரளாது.

விடிகிற நேரத்தில் துப்பாக்கிப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே கொளஞ்சியம்மாள் தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் அந்தப் புதுக் குடம். வெற்றிச்செல்வியைப் பார்த்ததும் கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் ஒதுங்கி நடந்தாள்.

அதைப் பார்த்ததும் வெற்றிச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

"பெரியம்மா, நில்லுங்க! ஒங்க கொடத்த ஒடச்சது என் தப்புதான். அதுக்குன்னு ஊரே சேந்து என்கூடப் பேசாம இருக்குறது ஞாயமா? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கத்தான் போறேன். இனிமே யாரும் என்னக் கண்டு பயப்பட வேணாம், போதுமா?"

கொளஞ்சியம்மாள் அசந்துபோய் நின்றாள். பஸ் வந்தது, அதுவும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். இடுப்பில் கையை ஊன்றினாள். அப்புறம், அத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்த தொண்டையைத் திறந்து, தெரு முழுக்கக் கதவு திறக்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாள்.

"கொடம் கெடக்குது கழுத! மேடையில மைக்கப் புடிச்சு 'எல்லாரும் சத்தம் போடாம இருங்க, அது போதும்'னு கேட்டது நீதானடி? ஒனக்குக் குறி தப்பிடக் கூடாதுன்னு ஊரே அன்னியிலேருந்து வாயக் கட்டிக்கிட்டு, அரியலூரு லாரிக்காரன் வரைக்கும் சொல்லிவச்சுட்டு உக்காந்திருக்கோம். சட்டுபுட்டுனு ஜெயிச்சுட்டு வாடி, பேச வேண்டியது மலையா சேந்து கெடக்கு!"