மூன்று ஷிப்ட் கத்தரிச்செடி

நாளைக் காலை எட்டு மணிக்குப் பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறார். தோட்டத்தில் பேருக்குக்கூட ஒரு கத்தரிக்காய் இல்லை.

சுரங்கக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து தொடங்கிய நலவாழ்வுத் தோட்டத்துக்கு ஆரோக்கியதாஸ்தான் செயலாளர். காய் காட்டாவிட்டால் இடத்தைக் கார் ஷெட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சுரங்கத்திலிருந்து வந்து அந்தச் செடிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் நின்றால்தான் மனுஷனுக்கு மூச்சே வரும். அதுவும் போய்விடும் என்று நினைத்தால் அழுகை வந்தது.

"யாராச்சும் தண்ணி ஊத்துறாங்களா, இல்லையா?" என்றாள் மனைவி டெய்சி.

"மூணு ஷிப்டுக்கும் ஆள் போட்டிருக்கேன். நோட்டுல கையெழுத்து இருக்கு. மண்ணு ஈரமா இருக்கு. பூக்குது, பிஞ்சு வைக்குது. காய்தான் காணாமப் போயிடுது."

"உங்க ஷிப்டுக்கு நீங்க ஊத்தினீங்களா?"

"நான் போறப்பவே ஈரமாத்தான் இருந்துச்சு. கையெழுத்து மட்டும் போட்டேன்."

அணில்தான் திருடுகிறது என்று முதலில் வலை கட்டியிருந்தார். அதில் தோட்டக் கமிட்டித் தலைவர் சமியுல்லா வீட்டுப் பூனை மாட்டிக்கொண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாள் சண்டை. அடுத்து, தன் பழைய யூனிபார்மையும் ஹெல்மெட்டையும் மாட்டி ஒரு பொம்மையை நிறுத்தினார். டியூட்டியில் ஆள் இருக்கிறது என்று நினைத்து, எப்போதாவது எட்டிப்பார்த்த நாலு பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

வேறு வழி தெரியவில்லை. வளையமாதேவியில் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தெருமுனையில் கூடை வைத்திருக்கும் சாமியம்மாளிடம் மூன்று கிலோ கத்தரிக்காய் வாங்கினார். சாயங்காலம் டெய்சியின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்து, ஒவ்வொரு காயாகச் செடியில் கட்டினார். முப்பத்தாறு காய். இடுப்பு கழன்றே போய்விட்டது.

மறுநாள் காலை ஏழரைக்குப் போய்ப் பார்த்தால், செடிகள் பழையபடி மொட்டையாக நிற்கின்றன.

அடித்துப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். இன்னொரு மூன்று கிலோ வாங்கலாம் என்ற நினைப்பு. பாழாய்ப்போன நேரம், அதிகாரியின் கார் அங்கேயே நின்றிருந்தது. அவர் சாமியம்மாள் கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காயா இருக்கே. எந்த ஊர்க் காயும்மா?"

மானம் மரியாதை பார்க்கிற நேரமா அது? ஆரோக்கியதாஸ் சாமியம்மாள் காதருகே குனிந்தார்.

"எங்க தோட்டத்துக் காய்னு சொல்லிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அத ஏங்க ரகசியமா சொல்றீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள் சாமியம்மாள். "உங்க தோட்டத்துக் காய்தானுங்களே. ஒருத்தரும் வராம செடி வாடிக்கினு கெடந்துச்சேன்னு, நாந்தான் தெனம் விடியக்காலத்துல தண்ணி ஊத்திப் பறிச்சாந்து விக்கிறேன். இன்னிக்கு மட்டுந்தான் என்னான்னு தெரியலீங்க, எல்லாக் காய்க்கும் காம்புல நூலு மொளைச்சிருக்கு."