பதினான்காம் நாள் பருப்பு

கரண்டியேந்திய வலக்கரத்தாளை, நீராவி சூழ்ந்த நெற்றியினளை, ஷாஃப்ஹவுசன் நகரத்துக் கிட்டா என்னும் மழலையர் காப்பகத்தின் மடைப்பள்ளியை ஒன்பதாண்டுகள் தனியொருத்தியாய் ஆண்ட சிவகலாவை முதற்கண் வணங்குவோம். அவளை எதிர்த்து நின்ற நான்கு வயதுப் பகையையும் வணங்குவோம். விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

போர் மூண்ட காரணம் இது. நலவுணவு நெறிகள் எனும் இருபத்துநான்கு பக்கச் சாசனமொன்று அவ்வாண்டு மார்ச் மாதத்தில் காப்பகத்துக்கு எழுந்தருளியது. அதன் ஆணையால் செந்நிறச் சிரோப் எனும் இனிப்புப் பானம் நாடுகடத்தப்பட்டது. வெண்ணிற நூடுல்ஸ் வாரத்தில் ஒருநாள் மட்டும் தலைகாட்டும் சிற்றரசாய்ச் சுருங்கியது. தவிட்டரிசியும் பருப்பும் அரியணை ஏறின. பிள்ளைகள் அவ்வரசை ஏற்கவில்லை. காப்பகத் தலைவி ஃப்ராவ் கெல்லர் சமையலறை வாசலில் நின்று அறிவித்தார்: "பதினான்கு நாள் பார்ப்போம், சிவகலா. கிண்ணங்கள் இப்படியே நிறைந்து திரும்பினால் இந்தச் சமையலறையை மூடிவிட்டு, வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு எடுப்போம்."

சாசனத்தின் கொடிய விதி ஏழாம் பக்கத்தில் இருந்தது. வளர்ந்தவர் உணவை வைக்கலாம். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கும். ஊட்டலாகாது. கெஞ்சலாகாது. பரிசு காட்டலாகாது. சிவகலாவின் கைகளோ, தான் பெற்ற இரு பிள்ளைகளுக்கும் ஏழு வயதுவரை ஜன்னலால் பஸ் காட்டிக் கவளம் ஊட்டிய கைகள். அவற்றைப் பதின்மூன்று நாளும் முதுகுக்குப் பின்னே, ஏப்ரன் நாடாவுக்குள் சிறைவைத்திருந்தாள்.

பகையின் பெயர் ரிஷானி. மேசையின் மற்றப் பதினொரு பிள்ளைகளும் அவள் முகம் பார்த்தே வாய் திறந்தனர்; அவள் முகம் பார்த்தே மூடினர். அவள் இதழ்களோ, குன்றின்மேல் நிற்கும் முனோட் கோட்டையின் கதவெனப் பதின்மூன்று நாளும் சாத்திக் கிடந்தன.

பதினான்காம் நாள் நண்பகல். ஃப்ராவ் கெல்லர் பேனாவை உருவி மூலையில் அமர்ந்தார். கிண்ணங்கள் அணிவகுத்து வந்தன. ரிஷானி குனிந்து பார்த்தாள்.

"அன்ரி, இது பருப்புத்தானே?"

"ஓம்."

"வீட்டிலயும் இதுதான். இஞ்சயும் இதுதானோ?"

"ஓம், பிள்ளை."

"அப்ப நான் ஏன் கிட்டாக்கு வாறன்?"

இதற்கு விடை சாசனத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரு படைகளுக்கு நடுவே புல்லும் அசையாத வெளியைப்போல் மேசை கிடக்க, ஆவி அடங்கிப் பருப்பின்மேல் ஆடை படர, ஒன்பதாண்டு அடுப்பு அந்த ஆடையின்மேல் நின்று தள்ளாட, நாடாவுக்குள் சிறைப்பட்ட பத்து விரல்களும் துடிக்க, சிவகலா நின்றாள். பிறகு கால் வலித்தது. வளர்ந்தவர் பிள்ளைகளோடு அமர்ந்து உண்க என்று ஒன்பதாம் பக்கம் சொன்னதால், அமர்ந்தாள்.

காலை ஆறு மணியிலிருந்து ஒன்றும் உண்ணாதவள் கரண்டியை மறந்தாள். சிறைமீண்ட விரல்கள் தம் பழந்தொழிலுக்குத் திரும்பின. தவிட்டரிசியைப் பருப்போடு பிசைந்தன, குழைத்தன, பதின்மூன்று நாள் உருளாத கவளத்தை உருட்டி, ஊட்ட வாயில்லாமல், அவள் வாய்க்கே கொண்டுபோயின.

"அன்ரி கையால சாப்பிடுறா," என்று ரிஷானி சபைக்கு அறிவித்தாள். "இஞ்ச கரண்டியாலதான் சாப்பிடோணும் எண்டு அம்மா சொன்னவா."

சிவகலா நிமிரவில்லை. "என்ர கையால நான் சாப்பிடுறன். உன்ர கை உன்ர பாடு."

ரிஷானி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின், கிண்ணத்துக்குள் மணிக்கட்டுவரை இறக்கினாள். கோட்டைக் கதவு திறந்தது. அதைக் கண்ட பதினொரு பிள்ளைகளும், ரைன் அருவி பாறையில் விழுவதுபோல் கிண்ணங்களில் விழுந்தனர். மதில்கள் மஞ்சளாயின. ஃப்ராவ் கெல்லரின் மூக்குக்கண்ணாடியிலும் ஒரு பருப்பு சென்று தங்கியது.

அவர் அதைத் துடைத்துக்கொண்டு, இருபத்துநான்கு பக்கங்களையும் முன்னும் பின்னும் புரட்டினார். கையைப் பற்றி, கழுவ வேண்டும் என்று மட்டுமே இருந்தது. கழுவியிருந்தார்கள். பன்னிரண்டு வெறுங்கிண்ணங்களையும் எண்ணி, பேனாவை மூடினார்.

"சமையலறை இருக்கட்டும்."

சிவகலா மாப்பை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.